மணியின் சொறிக்கு ஆயில் வேண்டாம்

காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதும், பேரன் அடம் பிடிக்காமல் பள்ளிக்கூடம் போவதும் படித்துச் சந்தோஷம். இங்கே மாமரங்கள் நன்றாகப் பூ வைத்திருக்கின்றன. மழை கெடுக்காமல் இருந்தால் இந்த வருஷம் தப்பித்துக்கொள்வோம்.

உன் நாய் மணியின் சொறியைப் பற்றி நீ எழுதியதுதான் மனசை விட்டுப் போகவில்லை. டிராக்டர் ஆயிலைப் பூசச் சொன்னது யாராக இருந்தாலும் சரி, பூசாதே. மண்ணெண்ணெயும் வேண்டாம். புண்ணான தோல் எரியும். நாய் அதை நக்கும்போது விஷம் வயிற்றுக்குள்ளும் போகும். நம் ஊர்ப்பக்கம் கருப்பு எண்ணெய் வழியத் திரியும் நாய்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும். வைத்தியம் என்று நம்பித்தான் செய்கிறார்கள், பாவம் அந்த வாயில்லாத ஜீவன்.

வால் அடியிலும் பின்தொடையிலும் முடி கொட்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மேல்தான். அலர்ஜி உள்ள நாய்க்கு உடம்பெல்லாம் தெள்ளு மொய்க்க வேண்டியதில்லை. தெள்ளின் எச்சில்தான் ஆகாது, ஒன்றிரண்டு கடித்தாலே நாள்கணக்கில் சொறிந்துகொண்டிருக்கும். நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாரி, விழும் கருப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் போட்டுப் பார். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், மணியின் ரத்தம்தான் அப்படி வந்திருக்கிறது.

அப்படியிருந்தால் நாயை மட்டும் பார்த்தால் போதாது. கண்ணில் படும் தெள்ளு கொஞ்சம்தான். மீதியெல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக அது படுக்கும் கோணிச்சாக்கிலும் திண்ணை இடுக்கிலும் கிடக்கும். கூட்டுப்புழு மாதக்கணக்கில்கூடக் காத்திருந்து வெளியே வரும். குளிப்பாட்டியும் திரும்பத் திரும்ப வருகிறது என்றாயே, காரணம் இதுவாகத்தான் இருக்கும். சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போடு, இல்லையென்றால் எரித்துவிடு. டாக்டர் தரும் மருந்தை 3 மாதமாவது விடாமல் போட வேண்டும், பூனைக்கும் சேர்த்து.

ஆனால் பூனைக்கு, பூனைக்கான மருந்துதான். இதைத் தங்கச்சியிடமும் சொல்லிவை. நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் மருந்தும், மாட்டு உண்ணிக்கு நீ வாங்கி வைத்திருக்கும் டெல்டாமெத்ரினும் பூனைக்கு விஷம். அதன் கல்லீரலால் அவற்றைச் சரியாக முறிக்க முடியாது. உடம்பு உதறி, வலிப்பு வந்து, செத்தும் போகலாம். மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலே ஆபத்து. பூனையின் காதோரம் வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையா என்றும் காட்டிவிடு. அது பேரனுக்கும் ஒட்டும்.

களியால்தான் சொறி என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாமே. நாய்களுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாமல் போவது கோழி, மாட்டிறைச்சி, பால் மாதிரியான புரதம்தான். அந்தச் சந்தேகம் டாக்டருக்கும் இருந்தால், அவர் சொல்லும் ஒரே சாப்பாட்டை 8 வாரமாவது கொடுத்துப் பார்க்கவேண்டி வரும். நடுவில் பேரன் ஒரு கோழி எலும்பைப் போட்டாலும் பார்த்ததெல்லாம் வீண்.

முதலில் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியுமா என்று கேள். கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சியும் இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு. ஊசி போட்டதும் அரிப்பு நின்றுவிட்டால் அதோடு விட்டுவிடாதே. அது ஸ்டீராய்டு ஊசியாக இருந்தால் அரிப்பை அடக்குமே தவிர, காரணம் அப்படியேதான் இருக்கும். உடம்பு சூடாகி, சாப்பிடாமல், ஈறு வெளுத்திருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதே, உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

இங்கே சரிப்படவில்லை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவோம். வண்டிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாலக்கோடு வரும் வேலை இருக்கிறது, வீட்டுக்கு வருகிறேன். அதுவரை போட்ட மருந்துகளின் சீட்டு, டப்பா எதையும் தூக்கிப் போடாமல் வை.

உன் பழைய நண்பன்