பார்வைக் கணக்கோடு உரிமைக் கணக்கையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சொல்லிசை எனப்படும் ராப் பாடும் கலைஞர்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், யூடியூபில் எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்பதே தலைப்பாகிறது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை செல்போனில் ராப் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அதுதான் வெற்றி என்று நம்பிவிடுகிறார்கள். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்க, காசு வேறொருவர் கணக்குக்குப் போவதும் இத்துறையில் நடக்கிறது.

நியூயார்க்கின் ராப் கலைஞர் ஜே-ஸீ, பெரிய கம்பெனிகள் கைவிரித்தபோது கூட்டாளிகள் இருவருடன் சொந்த நிறுவனம் தொடங்கி, 1996இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். அவருடைய செல்வத்தைப் பேசும் அளவுக்கு அந்த முதல் முடிவை யாரும் பேசுவதில்லை. தமிழிலும் 2006இல் மலேசியாவின் யோகி பி குழுவும், 2012இல் ஹிப்ஹாப் தமிழா ஆதியும் சினிமாவுக்கு வெளியே ஆல்பம் போட்டே பெயர் வாங்கினார்கள்.

சிக்கல், பாட்டுக்கு அடியில் ஓடும் தாள இசையான பீட்டில்தான் தொடங்குகிறது. இணையத்தில் ‘ஃப்ரீ’ என்று கிடைக்கும் பீட்டுகளில் பல, வருமானம் பார்க்காத பயன்பாட்டுக்கு மட்டுமே ஃப்ரீ. காசு கொடுத்து லீஸுக்கு, அதாவது பயன்படுத்தும் அனுமதியாக மட்டும் எடுத்தாலும் அதே பீட்டை அதை உருவாக்கியவர் இன்னும் பலருக்கு விற்பார். எத்தனை முறை ஒலிக்கலாம் என்ற வரம்பும் பல ரசீதுகளில் இருக்கும். லீஸ் பீட்டில் செய்த பாட்டுக்கு, நம் பாட்டு பிறர் வீடியோவில் வந்தால் கண்டுபிடிக்கும் யூடியூபின் ‘கன்டென்ட் ஐடி’யை இயக்கவே கூடாது. அதே பீட்டை வாங்கிய மற்றவர்களின் பாட்டையும் அந்த மென்பொருள் உங்களுடையது என்று பிடிக்கும், சண்டை வரும். நாளை ஒரு படக் கம்பெனி பாட்டைக் கேட்டால் லீஸ் ரசீது பெரும்பாலும் போதாது. முடிந்தவரை உள்ளூரிலேயே ஒருவரை வைத்து பீட் செய்து, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பழைய சினிமாப் பாட்டிலிருந்து சில நொடிகள் வெட்டி எடுத்தால் பரவாயில்லை என்பதும் தவறு. ஒலிப்பதிவுக்கு ஓர் அனுமதி, இசைக்கும் பாட்டு வரிக்கும் இன்னோர் அனுமதி வேண்டும். சுருதியை மாற்றினாலும் தப்ப முடியாது.

ஒப்பந்தத்தில் சட்டம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது, தெரிந்தவர்கள்தாம் குறைவு. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதனால்தான் கம்பெனிக்காரர்கள் ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்று அச்சடித்தே கொண்டுவருகிறார்கள். அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு ஆண்டுக்கணக்கு எழுதச் சொல்லிக் கேட்கலாம். 2012 திருத்தத்துக்குப் பிறகு, வரி எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தமக்குரிய சம பங்கைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது. ஆனால் அது கைக்கு வர, ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும். சேர்ந்து பாட்டு செய்யும் நண்பர்கள் வெளியிடும் முன்பே ஒரே தாளில் யார் எதை எழுதினார், எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்திடட்டும். ஹிட்டான பிறகு அந்தத் தாளில் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

பாட்டை இணைய இசைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டர் நிறுவனம் வழியாக வெளியிடுபவர்கள் கலைஞர் பெயரை எப்போதும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் வேறொரு கலைஞர் பக்கம் திறந்து கணக்கு சிதறும். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சியைப் பழையபடியே கொடுங்கள், இல்லையேல் கேட்ட எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆண்டுச் சந்தா நின்றால் பாட்டை இறக்கிவிடும் நிறுவனங்களும் உண்டு.

ஒலிப்பதிவில் நம் கடற்கரைக்கென்று சில தொல்லைகள். மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கன்டென்சர் மைக், உப்புக்காற்றின் ஈரத்தில் பொரியும் சத்தம் எழுப்பத் தொடங்கும். பனையோலைச் சலசலப்பையும் ஃபேன் சத்தத்தையும் சேர்த்து இழுக்கும். வீட்டில் பதிவு செய்பவர்களுக்கு, தூரத்துச் சத்தத்தை அவ்வளவாக இழுக்காத டைனமிக் மைக்கே தோது. வாயிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர், சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் ‘ப’ வெடிக்காது. சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல், 24 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள். கச்சான் காற்று அடங்காத மாதங்களில் ஜன்னலுக்குக் கம்பளி கட்டாமல் முடியாது. மைக்கைத் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடிவைக்க வேண்டும்.

பாட்டு வரியைப் பற்றி ஒன்று. நிமிடத்துக்கு 96 தட்டு (பிபிஎம்) வேகத்தில், நான்கு தட்டு கொண்ட பார் 16 சேர்ந்தால் 40 நொடி. அதற்குள் ‘கிறேன், கிறேன்’ என்று முடித்துக்கொண்டே போனால் இயைபு மலிவாகிவிடும். எதுகையை வரிக்குள்ளே புதைப்பவர்களின் பாட்டுதான் காதில் நிற்கிறது. மூச்சுக்கு இடம் விட்டு எழுதாதவர்கள் மேடையில் பாதியில் திணறுவார்கள்.

இன்று சில இளைஞர்கள் மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பீட்டோடு சேர்க்க முயல்கிறார்கள். அருமையான வேலை. பரம்பரைப் பாட்டுக்கு உரிமையாளர் இல்லை என்றாலும், மைக் முன் பாடிய பெரியவருக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள் உண்டு. அவர் பெயரும் பங்கும், யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதும் அதே தாளில் ஏற வேண்டும்.

தங்கள் நாளிதழ் இனி ஒரு பாட்டைப் பாராட்டி எழுதும்போது பாடியவரோடு வரி எழுதியவர், பீட் செய்தவர், ஒலிப்பதிவாளர், பாட்டின் உரிமை யாரிடம் என்ற விவரங்களையும் கேட்டு அச்சிடுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சொல்லிசை ஒலிப்பதிவாளர்கள்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.