காசு வேறு, கேஷ் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் மொழிப் பக்கத்தில், ஆங்கிலக் ‘கேஷ்’ நம் காசிலிருந்து போனது, இதை மறுப்பார் யாருமில்லை என்று ஒரு வரி. மறுக்க நான் இருக்கிறேன். 27 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன்.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷுக்கு மூலம் லத்தீன் ‘காப்சா’. பெட்டி என்று பொருள். அது இத்தாலியில் ‘காஸா’ ஆகி, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் பணப்பெட்டிக்குப் பெயர், அப்புறம் உள்ளே இருக்கும் பணத்துக்கே பெயர். ‘கல்லாவில் கை வைத்தான்’ என்று நாம் சொல்வதும் பெட்டியையா, பணத்தையா? விழுங்குகிற காப்ஸ்யூலும் இதே வேர்தான், சின்னப் பெட்டி.

அப்படியானால் காசுக்குப் பங்கே இல்லையா? உண்டு. அதை விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம். ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் இருக்கிறது. நம் காசைப் போர்ச்சுகீசியர் ‘காய்ஷா’ என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதுதான் பெயர், குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. அவர்களிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர் கேஷ் என்றார்கள். 1818 வரை சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கு 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்றுதான் நடந்தது. அந்தக் காசைத்தான் கேஷ் என்று எழுதினார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் அதே பெயரை வைத்தார்கள். யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியில் காசின் இந்தக் கதை இருக்கிறது. ஆக்ஸ்போர்டு அகராதி இரண்டையும் தனித்தனிச் சொற்களாகவே தருகிறது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

நியூஸ் என்பது நான்கு திசைகளின் முதலெழுத்து என்று முன்பு எழுதினீர்கள். ‘புதியவை’ என்பதே அதன் பொருள் என்று கடிதம் போட்டேன். வெளியிடவில்லை, பதிலும் இல்லை. வகுப்பில் அந்தப் பக்கத்தைக் காட்டி, “பத்திரிகையில் போட்டிருக்கே சார்” என்று பிள்ளைகள் கேட்டார்கள். கேஷ் பற்றி ஒரு கூட்டத்தில் சொன்னபோது, “நீங்கள் தமிழர்தானா?” என்று எழுந்து கேட்டார் ஒருவர். பத்து வருடமாகியும் அது ஆறவில்லை. கட்டுமரமும் சுருட்டும் கறியும் ஆங்கிலத்துக்குப் போனதற்குச் சான்று இருக்கிறது. இல்லாத ஒன்றைச் சேர்த்துச் சொன்னால் இவற்றையும் நம்ப மாட்டார்கள். சாவியும் ஜன்னலும் போர்ச்சுகீசியரிடமிருந்து நமக்கு வந்தவை. அதனால் தமிழ் குறைந்துபோய்விட்டதா?

அடுத்த இதழில் அதே பக்கத்தில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். என் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்