பீஜி அப்போதே சொன்னாள்

அன்புள்ள சுதா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாயிற்று. கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தார்கள். நாளைக்கு நாலு வேளை சொட்டு மருந்து, நடுநடுவே கறுப்புக் கண்ணாடியைத் தேடுவது என்று பொழுது ஓடிவிட்டது. இப்போது எல்லாமே பளிச்சென்று தெரிகிறதாம். என் முகத்தில் இத்தனை மங்கு இருப்பதே முந்தாநாள்தான் தெரிந்ததாம். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வி.ஆர்.எஸ். வாங்கியதற்கு ஆபீஸில் குத்துவிளக்கு கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாய். என்னிடம் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன. நாலாவதை என் தலையில் கட்டப் பார்க்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குனியக் கூடாது, அடுப்பண்டை போகக் கூடாது, படிக்கக் கூடாது என்று சொல்லி அம்மாவைச் சும்மா உட்கார வைப்பது பெரும்பாடாக இருந்தது. ஒரு சாயங்காலம் யூடியூபில் வேறு எதையோ தேடப்போய், அப்போது தூர்தர்ஷனில் வந்த ஹிந்தித் தொடர் 'ஹம் லோக்' கண்ணில் பட்டது. போட்டேன். அந்த ஆரம்ப இசை வந்ததோ இல்லையோ, அம்மா திடுக்கிட்டு, "ஐயோ, குக்கரை இறக்கினேனா?" என்றாள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய குக்கர்!

எனக்கும் டெல்லி ஆர்.கே. புரத்து வீட்டின் முன்னறைதான் கண்முன் வந்து நின்றது. ஷட்டர் வைத்த வெஸ்டன் டிவி, அதன் முகத்தில் நீலக் கண்ணாடித் தாள். படம் அலை அலையாக ஓடினால் உன் தம்பி மொட்டை மாடிக்கு ஓடுவான், நாம் ஜன்னல் வழியாக "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... போதும் போதும்!" என்று கத்துவோம். சோபாவில் கீழ் வீட்டு சீக்கியப் பாட்டி, நாம் எல்லோரும் பீஜி என்றே கூப்பிடுவோம், மடியில் நூல்கண்டு. அவள் கண் திரையில் இருக்கும், கை பாட்டுக்கு ஸ்வெட்டர் பின்னும். நடுவில் மேகி விளம்பரம் வரும். இரண்டு நிமிஷத்தில் ஆகிவிடும் என்றதை நம்பி நாம் செய்துபார்த்துக் கூழாக்கினோமே, நினைவிருக்கிறதா?

1984 ஜூலை 7ஆம் தேதி ஆரம்பித்து அடுத்த வருஷம் டிசம்பர் வரை, பதினேழு மாதம் ஓடியிருக்கிறது. நாம் எட்டாம் வகுப்பில் ஆரம்பித்து ஒன்பதில் முடித்தோம். இப்போது மறுபடி பார்க்கும்போது ஆரம்பப் பகுதிகளெல்லாம் பாடப் புத்தகம் மாதிரி இருக்கின்றன. காரணம் அப்போது நமக்குத் தெரியாது. மெக்ஸிகோவில் மிகேல் சபிதோ என்பவர், குடும்பக் கட்டுப்பாடு, முதியோர் கல்வி போன்ற விஷயங்களை அழுகைத் தொடருக்குள் வைத்து ஊட்டிவிடும் ஒரு முறையைச் செய்து காட்டியிருந்தார். நம் தகவல் ஒலிபரப்புத் துறை அதை இங்கே இறக்கியது. முதல் 13 பகுதிகளில் உபதேசம் தூக்கலாகப் போய், பார்க்கிறவர்கள் முகம் சுளித்திருக்கிறார்கள். அப்புறம்தான் எழுதிய மனோகர் ஷ்யாம் ஜோஷி உபதேசத்தைக் குறைத்துக் குடும்பத்தைக் கூட்டினார். நமக்குப் பிடித்ததெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

சபிதோவின் கணக்குப்படி ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு நல்ல ஆள், ஒரு கெட்ட ஆள், நடுவில் தடுமாறுகிற ஒரு ஆள் இருக்க வேண்டும். படிப்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் யாரை எந்தப் பெட்டியில் போட்டோம் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறதடி.

முதலில் தாதி. நமக்கு உயிர் அந்தப் பாட்டி. அவள் வாயைத் திறந்தாலே சிரிப்போம். பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தபோது நீ மலை மந்திர் முருகன் கோயிலில் வேண்டிக்கொண்டாய், இல்லை என்று சொல்லாதே. நீ மட்டுமில்லை, ஊரே வேண்டிக்கொண்டது. சாகடித்துவிடாதீர்கள் என்று ஜனங்கள் கேட்டுக் கேட்டே அந்தப் பாத்திரத்தின் ஆயுளை நீட்டினார்களாம். இப்போது பார்த்தால், அந்தக் கிழவி பேசுகிற வேடிக்கைப் பேச்சில் பாதி மருமகள் மேல் எறிகிற கல். சமைக்கத் தெரியவில்லை, அது தெரியவில்லை, இது தெரியவில்லை. நாம் சிரித்துக்கொண்டிருந்தபோது பாக்வந்தி அந்தப் பக்கம் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நாம் பார்க்கவே இல்லை.

இன்னொன்று சொல்கிறேன், உட்கார்ந்துகொள். தாதியாக நடித்த சுஷ்மா சேத்துக்கு அப்போது 48 வயது. நமக்கு இப்போது 54. 'பாவம், தள்ளாத கிழவி' என்று நாம் கண்ணீர் விட்ட பாட்டியைவிட நாம் ஆறு வயசு பெரியவர்கள். நடுப் பேத்தி மஜ்லியாக வந்த திவ்யா சேத் அவருடைய சொந்த மகள் என்பதும் இப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் அம்மா பெண், திரையில் பாட்டி பேத்தி.

பாக்வந்தியைப் பற்றி அம்மா அப்போது சொன்னது உனக்கு நினைவிருக்கும்: "பொம்மனாட்டின்னா இப்படி இருக்கணும், பூமாதேவி." குடித்துவிட்டு வருகிற புருஷன் பசேசர் ராமுக்கு முகம் சுளிக்காமல் தட்டு வைக்கிறாள், மாமியார் ஏசினால் தலையைக் குனிகிறாள். ஆனால் எடுத்தவர்கள் அவளைப் பூமாதேவி என்று எண்ணி வைக்கவில்லை. இப்படி வாயைக் கட்டிக்கொண்டு இருந்தால் என்ன ஆகும் என்று காட்டத்தான் வைத்திருக்கிறார்கள். கெட்ட உதாரணம்! பின்னால் அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் இந்தத் தொடரைப் பார்த்தவர்களிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். நிறையப் பேர் பாக்வந்தியைத்தான் பின்பற்ற வேண்டிய நல்ல பெண்மணி என்று சொல்லியிருக்கிறார்கள், அதில் பெண்களும் உண்டு. அதாவது நம் முன்னறையில் நடந்ததுதான் நாடு முழுக்க நடந்திருக்கிறது. சர்க்கார் ஒன்று சொன்னது, சோபாவில் இருந்தவர்கள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டார்கள்.

இந்தத் தடவை என்ன நடந்தது தெரியுமா? போன வாரம், பசேசர் ராம் வழக்கம்போல வந்து கத்துகிறான், பாக்வந்தி வழக்கம்போல நிற்கிறாள். அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்து, "வாயைத் திறந்து நாலு வார்த்தை கேளேன்டி, ஊமையா நீ?" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பா போய் ஒன்பது வருஷமாகிறது. அப்பா குடித்ததில்லை, ஆனால் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோன ராத்திரிகள் உனக்கும் கொஞ்சம் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பகுதியைப் போடச் சொன்னாள், போட்டேன்.

மஜ்லி விஷயத்தில் தொடரை எழுதியவர் மேலேயே எனக்குக் கோபம். சினிமாவில் நடிக்க வேண்டும் என்று பம்பாய் போகிறாள், ஏமாற்றப்படுகிறாள். "நல்லா வேணும்" என்று நாம் இரண்டு பேரும் கோரஸ் பாடினோம். அந்த வீட்டில் தனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதே அவள் ஒருத்திதான். அந்த வீட்டுப் பையன் நன்னேயும்தான் கிரிக்கெட் கிரிக்கெட் என்று திரிந்தான், அந்த ஆசையை யாரும் பாவமாகப் பார்க்கவில்லையே. கடைக்குட்டி சுட்கி டாக்டராக வேண்டும் என்றாள், அது நல்ல ஆசை என்பதால் தப்பித்தாள். நடுவிலவள் மட்டும் ஊருக்குப் பாடமானாள். என் பெண் நாடகத்தில் சேர்கிறேன் என்று நின்றபோது நான் போட்ட சண்டைக்கு அந்தப் பதிமூன்று வயசுக் கோரஸும் ஒரு காரணமாக இருக்குமோ என்று தோன்றுகிறது. அவளிடம் இதைச் சொல்லிவிடாதே.

மூத்தவள் பட்கி உன் ஆள், அவளை ஒன்றும் சொல்லமாட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவள் நிற்கும் பகுதிகளை இப்போதும் வேகமாக ஓட்டிவிடுகிறேன். மூத்த பையன் லல்லு அப்போதும் போர், இப்போதும் போர். ஆனால் பசேசர் ராமாக நடித்த வினோத் நாக்பால் எத்தனை நல்ல நடிகர்! நமக்கு அப்போது அவன் வெறும் குடிகாரன். குடிக்காத நேரத்தில் அந்த முகத்தில் வருகிற கூச்சத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஒவ்வொரு பகுதி முடிவிலும் ஹிந்தி நடிகர் அசோக் குமார் வந்து பேசுவாரே, அது மட்டும் மாறவே இல்லை, இன்றைக்கும் அவர் வந்ததும் நிமிர்ந்து உட்காருகிறேன். நான்கு லட்சம் கடிதம் வந்ததாம் அந்தத் தொடருக்கு. அதில் ஒன்று நம்முடையது, தபால்தலை ஒட்டினோமா என்பதுதான் சந்தேகம்.

தாதியைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் நம் அறையில் பீஜிதான், சுதா. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாம் விழுந்து விழுந்து சிரித்தபோது அவள் பின்னுவதை நிறுத்திவிட்டு, "இந்தக் கிழவிக்கு நாக்கில் விஷம். அந்த மருமகள் பாவம்" என்றாள் பஞ்சாபியில். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பெரியவர்கள் என்றால் நாலு வார்த்தை சொல்லத்தான் சொல்வார்கள் என்று ஹிந்தியில் பதில் சொன்னாள். பீஜி சிரித்துவிட்டு, "நானும் மாமியார்தான், எனக்குத் தெரியாதா?" என்று மறுபடி ஊசியை எடுத்தாள்.

அப்புறம் நவம்பர் வந்தது. இந்திரா காந்தி கொல்லப்பட்டு, டெல்லியில் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்ற நாட்கள். இரண்டு ராத்திரி பீஜி வீட்டுக்காரர்கள் எல்லோரும் எங்கள் உள்ளறையில் விளக்குப் போடாமல் இருந்தார்கள். முன்னறையில் டிவி ஓடிக்கொண்டே இருந்தது, இந்திராவின் உடலை வைத்திருந்த தீன் மூர்த்தி பவனில் ஜனங்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். அப்பா சத்தத்தைக் குறைக்கவில்லை, உள்ளே ஆள் இருப்பது வெளியே கேட்கக் கூடாது என்று. பொங்கலுக்கு முன்னால் அவர்கள் ஜலந்தருக்குப் போய்விட்டார்கள். தாதிக்கு நோய் வந்தபோது சோபாவில் அந்த இடம் காலி, நாம்தான் அதில் காலை நீட்டிக்கொண்டு அழுதோம்.

உன் தம்பிக்கு பீஜியின் பேரனோடு ஃபேஸ்புக்கில் பேச்சு உண்டு என்று எப்போதோ சொன்னாய். அவனிடம் ஒன்று கேட்கச் சொல். பீஜியின் பெயர் என்ன? நாலு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம், எனக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை.

அன்புடன்,
வசு