தோற்றவன் எல்லாம் விற்றவனா?

திருவல்லிக்கேணி
13 ஜூன் 2023

அன்புள்ள கார்த்திக்,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அப்பா ஸ்பீக்கரில் போட்டார், பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். "சத்தியமா ஃபிக்ஸிங்தாம்மா, காசு வாங்கிட்டுதான் தோத்தாங்க" என்று கத்தினாயே, அதில் பாதி டிக்கெட் காசுக்கான வயிற்றெரிச்சல் என்று எனக்குத் தெரியாதா? ஆஸ்திரேலியாவோடு உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலைப் பார்க்க லண்டன் ஓவல் மைதானம் வரை போய் உட்கார்ந்தால், கடைசி நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கதை முடிந்துவிட்டது. நம்ம ஆட்கள் அன்றைக்கு 164க்கு 3 விக்கெட் என்று ஆரம்பித்து 234இல் சுருட்டிக்கொண்டார்கள். கோலி அவுட்டான அதே ஓவரில் ஜடேஜா முட்டை. எரியத்தான் செய்யும்.

சுழல் பந்து போடும் அஸ்வினை ஆட வைக்காதது தப்பு என்பதில் நான் உன் கட்சி. டெஸ்டில் உலகின் நம்பர் ஒன் பௌலரைத் தண்ணீர் பாட்டில் தூக்க வைத்தார்கள். எதிரே வார்னர், கவாஜா, ஹெட், கேரி என்று வரிசையாக இடதுகைக்காரர்கள். டெஸ்டில் 200 இடதுகைக்காரர்களை அவுட்டாக்கிய முதல் பௌலர் நம்ம பிள்ளை. அந்த 200ஆவது ஆள் ஸ்டூவர்ட் பிராட், 2021இல் இதே சேப்பாக்கத்தில் விழுந்தவர். ஹெட் 163 அடிக்கும்போது நான் டிவியைப் பார்த்துத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஆனால் அதற்கு மேல், காசு வாங்கிக்கொண்டுதான் அஸ்வினை உட்கார வைத்தார்கள் என்று நீ சொல்வதை ஏற்க மாட்டேன். 2021இல் இங்கிலாந்து போனபோதும் நாலு டெஸ்டிலும் அவரை வெளியேதான் உட்கார வைத்தார்கள். அப்போது கேப்டன் கோலி, இப்போது ரோஹித். மேகமும் பிட்சில் புல்லும் இருந்தால் நாலு வேகப்பந்துக்காரர்கள், சுழலுக்கு ஒரு ஜடேஜா. ஆள் மாறியும் கணக்கு மாறவில்லை. இதற்குப் பெயர் பிடிவாதம். பணம் வாங்கினவன் வருஷக்கணக்காக எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரே தப்பைச் செய்துகொண்டிருப்பானா?

நிஜமாகவே விலை போன ஆட்டங்களை எடுத்துப் பார். 2000 ஜனவரி, தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியனில் இங்கிலாந்தோடு டெஸ்ட். மூன்று நாள் மழையில் போனது. ஆளுக்கொரு இன்னிங்ஸை விட்டுக்கொடுக்கலாம் என்று தென்னாப்பிரிக்க கேப்டன் குரோனியே சொல்ல, இங்கிலாந்து இரண்டு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. என்ன பெருந்தன்மை என்று பலர் மெச்சினார்கள். சில மாதம் கழித்துத்தான், சூதாட்டக்காரர் ஒருவரிடம் பணமும் ஒரு தோல் ஜாக்கெட்டும் வாங்கியது வெளியே வந்தது. அதுவும் டெல்லி போலீஸ் வேறு ஏதோ விசாரணையில் ஒட்டுக்கேட்ட போனிலிருந்து ஆரம்பித்தது. 2010 லார்ட்ஸில் பாகிஸ்தான் பௌலர்கள் ஆமிர், ஆசிஃப் காசுக்காகப் போட்ட நோ-பால்களால் ஆட்டத்தின் முடிவு மாறவில்லை. பத்திரிகைக்காரர் மறைவாகப் படம் பிடிக்காவிட்டால் நமக்குத் தெரிந்தே இருக்காது. கோட்டைத் தாண்டி இவ்வளவு தூரம் கால் வைத்திருக்கிறானே என்று சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆக, பதினோரு பேர் பட்டியலிலும் ஸ்கோர் போர்டிலும் தேடிக் கண்டுபிடிக்கிற விஷயமில்லை இது.

1999இல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு ஆடிய டெஸ்ட் உனக்குக் கதையாகத்தான் தெரியும். சச்சின் 136இல் அவுட். 17 ரன்தான் பாக்கி, கையில் மூன்று விக்கெட். நாலு ரன்னில் மூன்றும் போய்விட்டன. அப்பா அன்றைக்கு ஸ்டாண்டில் இருந்தார். அழுதுகொண்டே எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டினாராம், மொத்த ஸ்டேடியமும்தான். குரோனியே விவகாரம் வெடிக்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. அதே டெஸ்ட் அதற்குப் பிறகு நடந்திருந்தால், கைதட்டிய அதே ஆட்களே 'எவ்வளவு வாங்கினானோ' என்று கேட்டிருப்பார்கள்.

சந்தேகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐபிஎல் சூதாட்ட விவகாரத்தில் சிஎஸ்கேவை உச்ச நீதிமன்றம் போட்ட லோதா குழு இரண்டு வருஷம் வெளியே வைத்தபோது "நம்ம டீம் மேல பொறாமை" என்று நீ சொன்னாய். அணி நிர்வாகத்தோடு ஒட்டி இருந்தவரே பந்தயம் கட்டியதாக விசாரணையில் தெரிந்த பிறகும் அதையேதான் சொன்னாய். ஆதாரம் இருந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத இடத்தில் டார்ச் அடிக்கிறாயே, அது என்ன நியாயம்?

குடும்ப குரூப்பில் போட்டதை அழித்துவிடு. உன் மாமா அதற்குள் அதைத் தன் ஆபீஸ் குரூப்புக்கு அனுப்பி, "லண்டனிலிருந்து நேரில் பார்த்தவர் சொல்கிறார்" என்று வேறு சேர்த்திருக்கிறார். அடுத்த மாதம் வெஸ்ட் இண்டீஸ் போகிறார்கள். அங்கேயும் அஸ்வினை உட்கார வைத்தால் போன் பண்ணு, இரண்டு பேரும் சேர்ந்தே திட்டலாம்.

அன்புடன்,
அம்மா