பைக் படத்துக்குக் கீழே இல்லாத வரிகள்

ஆசிரியருக்கு,

மோட்டார் சைக்கிள் குழுக்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் வாசித்தேன். எழுத்து நன்றாக இருந்தது, படங்கள் அதைவிட நன்றாக இருந்தன. என் குறையும் அதுதான். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ், ரொக் மெஷின் என்ற இரண்டு பைக் குழுக்களும் 1994 முதல் 2002 வரை வெட்டிக்கொண்டதை உங்கள் கட்டுரையாளர் ‘மானப் பிரச்சினை’ என்கிறார். அந்த ஆண்டுகளில் மொன்றியலில் இருந்தவன் நான். மானமாவது மண்ணாவது! எந்த பாரில், எந்தத் தெருவில் யாருடைய கொக்கெயின் விற்பது என்பதுதான் விஷயம். 160 பேருக்கு மேல் செத்தார்கள்.

‘சகோதரத்துவம்’ பற்றி ஒரு பந்தி முழுக்க இருக்கிறது. 1985இல் லெனொக்ஸ்வில்லுக்குக் கூட்டம் என்று அழைத்து, தங்கள் லவால் கிளை ஆட்கள் ஐந்து பேரைச் சுட்டு, உறக்கப் பைகளில் கட்டி ஆற்றில் போட்டவர்களும் இதே ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்தான். அந்தச் சகோதரர்களுக்குக் கட்டுரையில் இடம் கிடைக்கவில்லை.

குழுக்கள் வெட்டிக்கொண்ட அந்த ஆண்டுகளில் நான் இரவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது யாரோ விட்டுப்போன ‘ஜூர்னால் து மொன்றியால்’ பத்திரிகையை எழுத்துக்கூட்டித்தான் பிரெஞ்சு பழகினேன். முதலில் விளங்கிய சொற்களில் ஒன்று ‘மொத்தார்’. பைக் ஓட்டுபவன் என்று அகராதி சொல்லும். கியூபெக்கில் அந்தச் சொல்லைக் கேட்டு பைக்கை மட்டும் நினைப்பவர் யாரும் இல்லை.

1995 ஓகஸ்ட் 9 அன்று ஹொஷெலாகா பகுதியில் ஒரு ஜீப் வெடித்தது. அதில் இருந்தவன் போதைப்பொருள் விற்பவன். பறந்த உலோகத் துண்டு, பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. நாலு நாள் கழித்து இறந்துபோனான். எங்கள் அறையில் நாலு பேர் இருந்தோம். நாலு பேரும் யாழ்ப்பாணத்தில் குண்டுச் சத்தம் கேட்டு வந்தவர்கள். அன்று யாரும் சமைக்கவில்லை. அந்தப் பையனின் தாய் விடாமல் போராடினார். 1997இல் குழுக் குற்றங்களுக்கென்று தனிச் சட்டம் வந்ததில் அவருக்கும் பங்குண்டு.

அப்புறம் உங்கள் கட்டுரையின் நாயகர், ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் தலைவர் ‘மொம்’ பூஷே. 1997இல் அவர் சொல்லித்தான் இரண்டு சிறைக் காவலர்களைக் கொன்றார்கள். ஒருவர் பெண், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். 1998இல் அந்த வழக்கில் பூஷே விடுதலையானார். அன்றிரவே குத்துச்சண்டை பார்க்கப் போனார், அரங்கில் கைதட்டல் எழுந்தது. மறுவிசாரணையில் 2002இல் ஆயுள்தண்டனை கிடைத்து, 2022இல் கைதியாகவே செத்தார். எனக்கு இன்றும் உறுத்துவது அந்தக் கைதட்டல்தான். உங்கள் கட்டுரையிலும் அதன் சத்தம் லேசாகக் கேட்கிறது.

நீங்களும் பத்திரிகைக்காரர் என்பதால் இன்னொன்று. நான் எழுத்துக்கூட்டிய அதே பத்திரிகையின் குற்றச் செய்தியாளர் மிஷெல் ஓஜேயை 2000 செப்டெம்பர் 13 அன்று அலுவலக வாகனத் தரிப்பிடத்திலேயே முதுகில் சுட்டார்கள். ஆறு குண்டுகள். தானே கைபேசியில் அவசர உதவிக்கு அழைத்தார். பிழைத்து, சில மாதங்களில் வேலைக்கும் திரும்பினார். ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

ஓஜே சுடப்பட்டதற்கு அடுத்த மாதம் இரண்டு தரப்புத் தலைவர்களும் மொன்றியல் உணவகமொன்றில் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். சமாதானமாம். உங்கள் கட்டுரை அதோடு நிறைவாக முடிகிறது. அதே ஒக்டோபரில், மொன்றியலுக்குப் பக்கத்து ஊரான டெரெபோனில் தன் பாரில் போதைப்பொருள் விற்க விடமாட்டேன் என்ற இளம் உரிமையாளரைப் பட்டப்பகலில் பேஸ்போல் மட்டையால் அடித்தே கொன்றார்கள். திருத்தம் போடுவதாக இருந்தால் அவரிலிருந்து தொடங்குங்கள்.

– ஒரு பழைய வாசகன்,
மொன்றியல்