நூல் கேட்டால் நாங்கள் ஏன் திருப்பிக் கேள்வி கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"அந்த நீல நூலில் நாலு கண்டு கொடுங்கள்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பதுதான் கடைக்காரர் வேலை. இப்போதெல்லாம் நாங்கள் "எதற்கு, என்ன பின்னப் போகிறீர்கள்?" என்று கேட்கிறோம். சிலருக்கு அது எரிச்சலாக இருக்கிறது. ஒருவர் நேராகவே சொல்லிவிட்டார். சரி, காரணத்தை எழுதிவிடுவோம் என்றுதான் இந்த மடல்.

கரித்துணி பின்னுவதற்கு ஒருவர் எங்களிடம் அக்ரிலிக் நூல் வாங்கிப் போனார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. சில நாளில் அதை எடுத்துக்கொண்டு வந்தார். சூடான பாத்திரம் பட்ட இடத்தில் நூல் உருகி, பளபளவென்று இறுகிப் போயிருந்தது. நல்லவேளை, விரலில் ஒட்டவில்லை. அக்ரிலிக் ஒருவகை பிளாஸ்டிக். சூடு பட்டால் இளகும், உருகும். அன்று கேட்காமல் கொடுத்தது எங்கள் தப்பு.

அடுப்புப் பக்கம் போகும் எதற்கும் பருத்தி அல்லது அசல் கம்பளி நூல் மட்டும்தான். அதிலும் கரித்துணி ஒற்றை அடுக்காக இருந்தால் போதாது. கொக்கி ஊசியால் போடும் குரோஷே பின்னலில் எவ்வளவு இறுக்கினாலும் கண்ணிக்குக் கண்ணி சிறு ஓட்டை இருக்கும். சூடு அதன் வழியே கைக்கு வந்துவிடும். 18 சென்டிமீட்டர் சதுரமாக இரண்டு பின்னி, ஓரங்களைச் சேர்த்துவிடுங்கள். பழகியவர்கள் தெர்மல் ஸ்டிச் போடலாம். கீழ் வரிசையில் விட்டுவைத்த இழையையும் சேர்த்துக் கோத்துக்கொண்டு போவதால் பின்னும்போதே இரண்டு அடுக்காகிவிடும். நூல் அதிகம் இழுக்கும், ஆனால் நன்றாக உழைக்கும். ஈரக் கரித்துணியால் மட்டும் பாத்திரத்தைத் தொடாதீர்கள். நனைந்த துணி சூட்டைச் சட்டென்று கைக்குக் கடத்தும்.

பாத்திரம் துடைக்கும் துணிக்கும் பருத்திதான், ஏனென்றால் அக்ரிலிக் தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிவிட்டுக்கொண்டே போகும். ரசாயனத்தில் பதப்படுத்திப் பளபளப்பாக்கிய மெர்சரைஸ்டு பருத்தி நூலைவிடச் சாதாரணப் பருத்தி நூல் நன்றாக உறிஞ்சும். நடுத்தரத் தடிமன் நூலும் 4.5 அல்லது 5 மில்லிமீட்டர் ஊசியும் சரியாக வரும். ஒரு சிங்கிள் குரோஷே (குட்டையான அடிப்படைக் கண்ணி), ஒரு சங்கிலிக் கண்ணி என்று மாற்றி மாற்றிப் போட்டால் துணி குழைவாகவும் சீக்கிரம் காய்வதாகவும் இருக்கும். முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும். அளவு பார்க்கும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துணியை மென்மையாக்கும் திரவத்தில் அலசாதீர்கள். அது நூல்மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

அடுத்து பை. எங்களிடம் அதிகம் புகாராக வருவது இதுதான்: "பின்னும்போது இடுப்பளவு, பொருள் போட்டதும் முழங்கால் வரை தொங்குகிறது." வலைப்பின்னல் அப்படித்தான் இழுபடும். அந்த இழுவையால்தான் சின்னப் பைக்குள் அவ்வளவு பொருள் கொள்கிறது. ஆனால் அடிப்பகுதியையும் கைப்பிடியையும் வலையாக விடக்கூடாது. அடியை நெருக்கமாக சிங்கிள் குரோஷேயில் பின்னுங்கள். கைப்பிடியை நீங்கள் நினைப்பதைவிடக் குட்டையாகவும் அகலமாகவும் வையுங்கள். ஒல்லிக் கைப்பிடி தோளை அறுக்கும்.

கூடைக்கோ, பைக்கு மாறாக, விறைப்பு வேண்டும். இரண்டு மூன்று நூலைச் சேர்த்துப் பிடித்து, அந்தத் தடிமனுக்குச் சற்றே சிறிய ஊசியால் இறுக்கிப் பின்னினால் தானாக நிற்கும். கை வலிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பழைய பனியன் துணியை நாடாவாகக் கிழித்தும் பின்னலாம். அதற்கு எங்களிடம் நூல் வாங்கவே வேண்டாம், தடித்த ஊசி இருந்தால் போதும்.

டம்ளருக்கு அடியில் வைக்கும் வட்டம் புதிதாகக் கற்பவர்களுக்கு நல்லது. சிங்கிள் குரோஷேயில் முதல் சுற்றில் 6 கண்ணி, பிறகு சுற்றுக்கு 6 கூட்டி 12, 18, 24. ஓரம் கிண்ணம்போல் மேலே எழும்பினால் குறைவாகக் கூட்டியிருக்கிறீர்கள், அலை அலையாக நெளிந்தால் அதிகம். ஆனால் அமெரிக்கப் புத்தகத்தில் சிங்கிள் குரோஷே என்பது பிரிட்டன் புத்தகத்தில் டபுள் குரோஷே. எந்த ஊர் முறை என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அக்ரிலிக் ஒன்றுக்கும் ஆகாதது என்று சொல்லவில்லை. போர்வை, மெத்தை உறை, நாற்காலிக் காலுக்குப் போடும் சின்ன உறை எல்லாவற்றுக்கும் அது அருமை. லேசானது, சாயம் எளிதில் போகாது.

வீட்டில் லேபிள் தொலைந்த நூல் கிடக்கிறதா? ஒரு சிறு துண்டைக் குறட்டில் பிடித்து, தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கருப்பாக, கெட்டியான மணியாகும்.

அப்புறம், லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் சாயத் தொகுதி எண் இருக்கும், அதாவது ஒரே தடவையில் சேர்த்துச் சாயம் போட்ட நூலுக்கான எண். தொகுதி மாறினால் நிறமும் லேசாக மாறலாம். பாதியில் நூல் தீர்ந்து வரும்போது அந்த எண்ணைக் காட்டினால், அதே தொகுதி இருக்கிறதா என்று தேடித் தருகிறோம். "அதே நீலம்" என்று வாயால் சொன்னால், மன்னிக்கவும், எங்கள் அலமாரியில் நீலம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் நூல் கடையினர்