சந்தை வாசலில் ஆள் பார்த்துப் பெயர் எழுதும் கொப்பியை நிறுத்தக் கோரும் மனு

செயலாளர் அவர்கட்கு,
பிரதேச சபை,
மட்டக்களப்பு மாவட்டம்.

விடயம்: இனம், மதம், ஊர் பார்த்து யாரையும் தனியே விசாரிக்கக் கூடாது என்ற சபைத் தீர்மானத்துக்கு எங்கள் ஆதரவும், அதை நடைமுறைப்படுத்த வேண்டுதலும்

மதிப்பிற்குரிய ஐயா,

இது எங்கள் மூன்றாவது மனு. முதலாவது தபாலில் வந்தது. இரண்டாவதை உங்கள் அலுவலகத்திலேயே கொடுத்து, முத்திரை குத்திய பிரதியும் வாங்கி வைத்திருக்கிறோம். பதில்தான் இல்லை.

சபை எடுத்த தீர்மானம் நல்ல தீர்மானம். அதை மாற்றச் சொல்லிச் சில கடைக்காரர்கள் கையெழுத்துச் சேர்க்கிறார்களாம். சபை பின்வாங்கக் கூடாது என்று சொல்லவே நாங்களும் கையெழுத்து வைக்கிறோம்.

1. வாசல் நீங்கள் அறிந்ததுதான். ஓட்டோ நிற்கும் பக்கம், சபையிடம் சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவரின் காவலாளி மேசை போட்டிருக்கிறார். 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு எல்லாருடைய பையையும் பார்த்தார்கள். சரி, அதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. பிறகு மற்றவர்களை விட்டுவிட்டு அபாயா போட்டவர்களை மட்டும் மறித்தார்கள். அப்புறம் அடையாள அட்டையில் வாவிக்கு அக்கரையான படுவான்கரை விலாசம் உள்ள எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

2. அந்தக் கொப்பி, ஐயா. பெயர், அட்டை இலக்கம், புருஷன் பெயர், போன் நம்பர். ஒவ்வொரு சந்தைக்கும் அதே ஆட்களிடம் அதே கேள்வி. இதை எழுதும் நான் எட்டு வருடமாக ஒரே மூலையில் தயிர் விற்கிறேன். அந்தக் காவலாளியே என்னிடம் சட்டி வாங்கிப் போகிறவர். ஆனாலும் எழுத வேண்டும். வெள்ளாப்பிலேயே பாதையில் (ஆட்களை ஏற்றும் மிதவைப் படகில்) ஏறி வாவியைக் கடந்து வருகிறோம். எழுதி முடித்து உள்ளே போவதற்குள் நிழல் இடமெல்லாம் போய்விடும், தயிர் தண்ணீர் விட்டுவிடும். நட்டத்தைக்கூடப் பொறுக்கலாம். பக்கத்தில் கீரை விற்கும் முஸ்லிம் அக்கா, எங்கள் ராத்தாவின் மகளுக்கு இரவில் யாரோ போன் எடுக்கிறான். அவள் தன் நம்பரைச் சொன்னது அந்த மேசையில் மட்டும்தான். பிள்ளை இப்போது சந்தைக்கு வருவதில்லை.

கொப்பி எங்கே போகிறது, யார் வாசிக்கிறார்கள்? பொலிஸ் கேட்டது என்கிறார் குத்தகைக்காரர். பொலிஸில் கேட்டால், நாங்கள் கேட்கவில்லை என்கிறார்கள்.

என் மாமிக்குக் கொப்பியைக் கண்டாலே கை நடுங்கும். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமிருந்தவர்களில் 158 பேரை இராணுவம் ஏற்றிக்கொண்டு போனபோது அங்கே இருந்தவர். ராத்தாவின் குடும்பம் அதே வருடம் ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் நடந்த படுகொலையில் ஆட்களைப் பறிகொடுத்த குடும்பம். இந்த இரண்டு வீட்டாரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பெயர் எழுதுகிறார்களே, இது என்ன கணக்கு? யாருக்கு யார் பயம்?

3. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பிறந்த இடம் பார்த்துப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. இது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

4. சந்தை வரித் துண்டுக்கு எல்லாரிடமும் ஒரே காசுதான் வாங்குகிறார்கள். வாசலில் மட்டும் ஏன் ஆள் பார்க்க வேண்டும்?

5. பை பார்ப்பதென்றால் எல்லார் பையையும் பாருங்கள். தவிசாளர் வந்தாலும் பாருங்கள், நாங்களும் திறந்து காட்டுகிறோம். ஆள் பார்த்துப் பெயர் எழுத வேண்டாம். இதைத்தான் சபையும் சொல்லியிருக்கிறது. சபை சொன்னதைச் சபையின் வாசலிலேயே கேட்காவிட்டால் எங்கே போய்ச் சொல்வது?

ஆகவே கொப்பியைச் சபை பொறுப்பெடுத்து, எழுதிய பக்கங்களை எங்கள் முன் அழிக்க வேண்டும். தீர்மானத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசலில் ஒட்ட வேண்டும். அடுத்த குத்தகை ஒப்பந்தத்தில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். பதிலை எழுத்தில் தர வேண்டும்.

கொப்பியை மட்டுமாவது அடுத்த சந்தைக்கு முன் எடுத்துவிடுங்கள், ஐயா. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்கள்
(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் பின்பக்கத்தில்)

பிரதி: மனித உரிமைகள் ஆணைக்குழு, மட்டக்களப்புப் பிராந்திய அலுவலகம்